டெஸ்ட் ஓடும் பிரவுசரை வீடியோ எடுப்பது: தொடங்குவது சுலபம், முடிப்பதில்தான் வேலை

கோடு மாறும்போதெல்லாம் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சி.ஐ. அமைப்பின் லாகில் "30 விநாடி காத்தும் பட்டன் வரவில்லை" என்று ஒரு வரி இருக்கும். ஏன் வரவில்லை என்பது இருக்காது. செஷன் காலாவதியாகி லாகின் பக்கத்துக்கே திரும்பிப் போயிருக்கலாம். குக்கீ அனுமதிப் பட்டை பாதித் திரையை மறைத்திருக்கலாம். பின்னால் இருக்கும் சர்வர் 502 என்ற பிழையைக் கொடுத்திருக்கலாம். ஃபெயில் ஆன நொடியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட், பிரவுசர் எங்கே போய் நின்றது என்று காட்டும். எந்த வழியாகப் போனது என்று காட்டாது. அதனால்தான் பெரும்பாலான அணிகள் ஒரு கட்டத்தில் "பேசாமல் வீடியோ எடுத்துவிடலாம்" என்ற முடிவுக்கு வருகின்றன.

வீடியோவைத் தொடங்க இரண்டு வரி செட்டிங் போதும். மாதம் கழித்துப் பார்த்தால் பாதிக் கோப்புகள் திறக்காது, மீதியில் கறுப்புத் திரை, சரியாக வந்த ஒன்று எந்த டெஸ்டுடையது என்று தெரியாது. ரெக்கார்டர் தொடங்கியதா என்பதில் சிக்கல் வருவது அபூர்வம். கோப்பு முறையாக மூடப்பட்டதா, டெஸ்ட் ஓடும் தற்காலிகச் சூழலான கன்டெய்னர் அழிவதற்கு முன் வெளியே வந்ததா, தேடுகிறவர் கையில் கிடைக்கிறதா ஆகிய மூன்றில்தான் எல்லாத் தொல்லையும். இங்கே அதிக இடம் அதற்குத்தான்.

திரையைப் பிடிப்பதா, பிரவுசரிடம் கேட்பதா

படம் எடுக்க அடிப்படையில் இரண்டு வழி. முதலாவது, பிரவுசர் ஓடும் மெய்நிகர் திரையை வெளியிலிருந்து பிடிப்பது. லினக்ஸில் எக்ஸ்விஎஃப்பி என்ற போலித் திரையில் பிரவுசர் ஓட, எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் அந்தத் திரையை 'எக்ஸ்11 கிராப்' மூலம் படமாக்கும். பிரவுசரைக் கோடு மூலம் இயக்கும் செலினியத்தில், பல பிரவுசர்களுக்கு டெஸ்டைப் பங்கிடும் கிரிட்டின் டாக்கர் படிமங்கள் (கன்டெய்னரை எழுப்பும் அச்சுகள்) செய்வது இதைத்தான். இரண்டாவது, பிரவுசரிடமே ஃப்ரேம்களைக் கேட்டு வாங்குவது. குரோமின் டெவ்டூல்ஸ் நெறிமுறையில் ஸ்கிரீன்காஸ்ட் என்றொரு வசதி உண்டு. செலினியம் போன்ற இன்னொரு கருவியான பிளேரைட் குரோமியத்தில் அதைப் பயன்படுத்துகிறது.

இந்த வேறுபாடு தெரியாமல் தொடங்குவதால் வரும் முதல் அடி ஹெட்லெஸ், அதாவது ஜன்னலே காட்டாமல் பிரவுசரை ஓட்டும் முறை. ஹெட்லெஸ் முறையில் ஓடும் பிரவுசர் எக்ஸ் திரையில் எதையும் வரையாது. எனவே எஃப்எஃப்எம்பெக் வெற்றுக் கறுப்புத் திரையை நிதானமாகப் பதிவு செய்து, பிழை எதுவும் சொல்லாமல் முடித்துவிடும். திரையைப் பிடிக்கும் வழி என்றால் ஹெட்லெஸை எடுத்துவிட்டு எக்ஸ்விஎஃப்பி-யில் முழு பிரவுசராக ஓட்ட வேண்டும். பிளேரைட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

மறுபுறம், பிரவுசரிடம் கேட்டு வாங்கும் படத்தில் பக்கத்தின் உள்ளடக்கம் மட்டுமே வரும். முகவரிப் பட்டை, கோப்பு தேர்வுப் பெட்டி, பிரின்ட் பெட்டி எதுவும் தெரியாது. மவுஸ் அம்பும் தெரியாது. திரையைப் பிடித்தால் அம்பு தெரியும், ஆனால் அது ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். செலினியம் பிரவுசரை இயக்கும் வெப்டிரைவரின் கிளிக்குகள் பிரவுசருக்குள் நிகழ்வாக அனுப்பப்படுகின்றன, அவை கணினியின் நிஜ அம்பை நகர்த்துவதில்லை. அசையாத அம்பு பார்ப்பவரைக் குழப்பும் என்பதால், எஃப்எஃப்எம்பெக்கில் 'டிரா மவுஸ்' என்பதை 0 ஆக்கி அதை நீக்கிவிடுவதே மேல்.

செலினியம் கிரிட், டாக்கரில்

செலினியம் திட்டமே வெளியிடும் டாக்கர் படிமங்களில் பிரவுசருக்கு ஒன்று, வீடியோவுக்குத் தனியாக ஒன்று உண்டு. வீடியோ கன்டெய்னருக்கு பிரவுசர் கன்டெய்னரின் பெயரைச் சூழல் மாறியாகக் கொடுத்து, இரண்டையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் வைத்து, உள்ளே இருக்கும் 'வீடியோஸ்' என்ற அடைவை உங்கள் வட்டில் ஓர் இடத்தோடு இணைத்தால் வேலை முடிந்தது. ஒரு பிரவுசர் கன்டெய்னருக்கு ஒரு வீடியோ கன்டெய்னர். ஐந்து பிரவுசருக்கு ஒன்றை மட்டும் வைத்துப் பார்ப்பது நடக்காது.

பிரவுசர் கன்டெய்னரைத் தொடங்கும்போது ஷேர்டு மெமரியை 2 ஜிபி என்று கொடுங்கள். டாக்கரின் இயல்பு அளவு 64 எம்பிதான். கனமான பக்கத்தில் குரோம் அதில் நின்று மூச்சுத் திணறி டேப் கிராஷ் ஆகும். வீடியோவில் அந்த இடம் "ஐயோ" என்ற முகத்தோடு ஒரு சாம்பல் பக்கமாகத் தெரியும். அதைப் பார்த்து அப்ளிகேஷனில் பிழை தேடி அலைபவர்கள் நிறைய.

அனுமதிச் சிக்கலும் வரும். இந்தப் படிமங்களுக்குள் வேலை செய்யும் பயனரின் எண் 1200, குழு எண் 1201. வட்டில் நீங்கள் உருவாக்கிய அடைவு ரூட்டுக்குச் சொந்தமாக இருந்தால், ரெக்கார்டரால் எழுத முடியாது. அடைவின் உரிமையை 1200:1201 என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது. அவசரத்தில் 777 கொடுப்பவர்களைப் பார்க்கிறோம். பகிர்ந்து பயன்படுத்தும் சர்வரில் அது வேண்டாம், காரணம் பின்னால் ரகசியங்கள் பற்றிச் சொல்லும்போது புரியும்.

அடுத்தது முக்கியம். எளிய அமைப்பில் வீடியோவின் ஆயுள் கன்டெய்னரின் ஆயுள்; டெஸ்டின் ஆயுள் இல்லை. ஒரே கன்டெய்னரில் நாற்பது டெஸ்ட் ஓடினால் நாற்பதும் ஒரே நீளக் கோப்பில் வரும். இதைப் பிரிக்க, புதிய பதிப்புகளில் கோப்புப் பெயருக்கு 'ஆட்டோ' என்று கொடுக்கலாம். இன்னொரு வழி டைனமிக் கிரிட்: ஒவ்வொரு செஷனுக்கும் புதிய பிரவுசர் கன்டெய்னரையும் வீடியோ கன்டெய்னரையும் அதுவே எழுப்பி, செஷன் அடையாள எண்ணில் ஓர் அடைவு போட்டு அதில் வைக்கும். டெஸ்டிலிருந்து 'எஸ்இ:ரெக்கார்ட் வீடியோ' என்ற கேப்பபிலிட்டியை (செஷன் தொடங்கும்போது அனுப்பும் விருப்பம்) உண்மை என்று அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் பதிவு இல்லை. நூற்றுக்கணக்கில் டெஸ்ட் இருந்தால் டைனமிக் கிரிட்டுக்கே போய்விடுங்கள். கன்டெய்னர் எழும் சில விநாடி தாமதம், பிறகு வீடியோவை வெட்டிப் பிரிக்கும் வேலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

நோடின், அதாவது கிரிட்டில் பிரவுசரை ஓட்டும் கன்டெய்னரின், அதிகபட்ச செஷன் எண்ணிக்கை இந்தப் படிமங்களில் இயல்பாக 1. வேகம் வேண்டும் என்று அதை 4 ஆக்கினால், ஒரே திரையில் நான்கு ஜன்னல் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். வீடியோவில் தெரிவது எது மேலே இருக்கிறதோ அது. டெஸ்ட்கள் பாஸ் ஆகும், வீடியோ மட்டும் குப்பை. பதிவு வேண்டுமானால் நோடுகளைக் கூட்டுங்கள், செஷன்களைக் கூட்டாதீர்கள்.

டெஸ்ட் முடிந்ததும் டிரைவரில் 'குவிட்' அழைக்கப்பட வேண்டும். 'குளோஸ்' ஜன்னலை மூடத்தான், செஷனை முடிக்க அதை நம்ப முடியாது. டெஸ்ட் நடுவில் எக்ஸப்ஷன் வந்து குவிட் விடுபட்டால், கிரிட் இயல்பாக 300 விநாடி காத்திருந்துதான் செஷனைக் கலைக்கும். அந்த ஐந்து நிமிடமும் பதிவாகும். 20 விநாடி டெஸ்டுக்கு 5 நிமிடம் 20 விநாடி வீடியோ இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், குவிட் டியர்டவுனில் (டெஸ்ட் எப்படி முடிந்தாலும் ஓடும் கடைசிப் பகுதியில்) இல்லை என்று அர்த்தம்.

நேரலையில் பார்க்க 7900 போர்ட்டில் நோவிஎன்சி இருக்கிறது. அதன் இயல்புக் கடவுச்சொல் 'சீக்ரெட்'. உள் நெட்வொர்க்குக்கு வெளியே அந்தப் போர்ட்டைத் திறந்து வைக்காதீர்கள்.

எஃப்எஃப்எம்பெக்கை நீங்களே ஓட்டினால்

கிரிட் இல்லாமல் ஒற்றை ரன்னரில் டெஸ்ட் ஓட்டுபவர்கள் எஃப்எஃப்எம்பெக்கை நேரடியாக எழுப்பலாம். எக்ஸ்விஎஃப்பி-யை :99 என்ற திரை எண்ணில், 1366×768, 24 பிட் நிற ஆழத்தில் தொடங்குங்கள். டிஸ்ப்ளே சூழல் மாறியில் :99 கொடுங்கள். பிரவுசருக்கு ஜன்னல் அளவை அதே 1366×768 என்று ஆர்கியுமென்டில் சொல்லுங்கள். 'மேக்ஸிமைஸ்' போதும் என்று விட்டுவிட்டால், விண்டோ மேனேஜர் இல்லாத வெறும் எக்ஸ்விஎஃப்பி-யில் ஜன்னல் பெரிதாகாமல் ஒரு மூலையில் நிற்கும்.

எஃப்எஃப்எம்பெக்குக்கு உள்ளீட்டு வகை எக்ஸ்11 கிராப், அளவு திரையின் அளவே, விநாடிக்கு 10 ஃப்ரேம், கோடெக் எக்ஸ்264, பிரீசெட் அல்ட்ராஃபாஸ்ட், பிக்சல் வடிவம் ஒய்யூவி420பி. கடைசியாகச் சொன்னது விடுபட்டால் எக்ஸ்264 தானாக 4:4:4 வடிவத்தைத் தேர்ந்துகொள்ளும். விஎல்சி-யில் ஓடும், பிரவுசரில் திறந்தால் "கோப்பு பழுது" என்று வரும் அல்லது வெறும் கறுப்பு. ஒய்யூவி420பி-க்கு அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்ணாக இருந்தாக வேண்டும். மொபைல் அளவைச் சோதிக்கிறேன் என்று 375 அகலம் கொடுத்தால் எஃப்எஃப்எம்பெக் தொடங்கியவுடனே நின்றுவிடும். 376 கொடுங்கள்.

இனி எல்லோரும் ஒருமுறையாவது சந்திக்கும் பிழை: "மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்". எம்பி4 கோப்பில் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை இயல்பாகக் கோப்பின் கடைசியில் எழுதப்படுகிறது. எஃப்எஃப்எம்பெக் ஒழுங்காக முடியும்போதுதான் அதை எழுதும். நடுவில் கொன்றுவிட்டால் 40 எம்பி கோப்பு வட்டில் இருக்கும், உள்ளே படமெல்லாம் இருக்கும், எந்த பிளேயராலும் திறக்க முடியாது. சிக்இன்ட் அல்லது சிக்டெர்ம் என்ற, நிற்கச் சொல்லும் சிக்னலை அனுப்பினால் எஃப்எஃப்எம்பெக் அட்டவணையை எழுதிவிட்டு வெளியேறும். சிக்கில், அதாவது கில் மைனஸ் 9 என்றால் எழுதாது. பைதானில் 'டெர்மினேட்' சரி, 'கில்' தவறு. அழைத்த பிறகு 'வெயிட்' போட்டு அது முடியும் வரை காத்திருக்கவும் வேண்டும். காத்திருக்காமல் டெஸ்ட் புரொசஸ் முடிந்து கன்டெய்னரும் போய்விட்டால் விளைவு அதேதான். வெளியேறும்போது எஃப்எஃப்எம்பெக் 255 என்ற எண்ணைத் திருப்பும். சிக்னலால் நின்றது என்பதன் அடையாளம் அது, பிழை என்று எண்ணி பில்டைச் சிவப்பாக்கிவிடாதீர்கள்.

டாக்கருக்குள் இதே கதை இன்னொரு வேடத்தில் வரும். 'டாக்கர் ஸ்டாப்' முதலில் சிக்டெர்ம் அனுப்பி, 10 விநாடி பார்த்துவிட்டு சிக்கில் அனுப்பும். அந்த சிக்னல் போய்ச் சேருவது கன்டெய்னரில் 1-ஆம் எண் புரொசஸுக்கு. அது உங்கள் ஷெல் ஸ்கிரிப்ட் என்றால், எஃப்எஃப்எம்பெக்குக்கு சிக்னலைத் தள்ளிவிடாது. பத்து விநாடி அமைதியாகக் கழியும், பிறகு எல்லாம் ஒரே அடியில் சாகும். ஸ்கிரிப்டின் கடைசி வரியில் எஃப்எஃப்எம்பெக்கை 'எக்ஸெக்' வைத்து அழைத்தால் அதுவே 1-ஆம் எண் ஆகிவிடும், சிக்னல் நேராகப் போகும். கூடவே ஸ்டாப்புக்கு 30 விநாடி அவகாசம் கொடுங்கள். குபெர்னெட்டீஸில் இந்த அவகாசம் இயல்பாகவே 30 விநாடி.

எப்படியும் கொல்லப்படும் சூழல், உதாரணமாக விலை குறைந்த ஸ்பாட் மெஷின்கள் என்றால், எம்பி4-ஐ விட்டுவிட்டு எம்கேவி-யில் எழுதுங்கள். நடுவில் அறுந்தாலும் அதுவரை எழுதியது ஓடும். பிறகு மறு-என்கோடிங் இல்லாமல் 'காப்பி' முறையில் எம்பி4-க்கு மாற்றிக்கொள்ள ஒரு விநாடிகூட ஆகாது.

இன்னும் இரண்டு பொறிகள். பின்னணியில் ஓட்டும்போது 'நோஸ்டின்' கொடுக்காவிட்டால் எஃப்எஃப்எம்பெக் விசைப்பலகை உள்ளீட்டுக்குக் காத்து, ஷெல் ஸ்கிரிப்டின் அடுத்த வரிகளையே தின்றுவிடக்கூடும். பைதானிலோ ஜாவாவிலோ அதன் பிழை வெளியீட்டை பைப்பில் பிடித்துவிட்டு யாரும் படிக்காமல் விட்டால், பைப்பின் இடம் (லினக்ஸில் பொதுவாக 64 கேபி) நிரம்பியதும் எஃப்எஃப்எம்பெக் அங்கேயே உறைந்துவிடும். குட்டி டெஸ்டுகளில் வீடியோ நன்றாக வரும், நீளமானவற்றில் மட்டும் பாதியில் நின்றுபோயிருக்கும். ஒரு லாக் கோப்புக்குத் திருப்பிவிட்டால் தீர்ந்தது. அந்த லாக் வேறு சமயத்திலும் உதவும்.

பிளேரைட்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை பிளேரைட்தான், ரெக்கார்டிங் விஷயத்தில் மட்டுமாவது. பிரவுசர்களை இறக்கும்போதே தனக்கான எஃப்எஃப்எம்பெக்கையும் சேர்த்து இறக்கிக்கொள்ளும். கான்ஃபிக் கோப்பில் 'யூஸ்' பகுதியில் வீடியோ என்பதற்கு நான்கில் ஒரு மதிப்பு: ஆஃப், ஆன், 'ரீடெயின்-ஆன்-ஃபெயிலியர்', 'ஆன்-ஃபர்ஸ்ட்-ரீட்ரை'.

கடைசி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரீடெயின்-ஆன்-ஃபெயிலியர் எல்லா டெஸ்டையும் பதிவு செய்து, பாஸ் ஆனவற்றை அழிக்கும். வட்டு மிச்சம், சிபியு மிச்சமில்லை. ஆன்-ஃபர்ஸ்ட்-ரீட்ரை முதல் ஓட்டத்தைப் பதிவே செய்யாது. ஃபெயில் ஆகி மறுமுறை ஓடும்போதுதான் கேமரா விழிக்கும். சிபியு மிச்சம். ஆனால் சில நேரம் மட்டும் ஃபெயில் ஆகும் டெஸ்ட் மறுமுறை பாஸ் ஆகிவிட்டால் உங்களிடம் இருப்பது பாஸ் ஆன ஓட்டத்தின் வீடியோ. திருடன் போன பிறகு எடுத்த படம். அதோடு, ரீட்ரை எண்ணிக்கை 0 என்று இருந்தால் இந்த மதிப்பு எதையுமே பதிவு செய்யாது. எப்போதாவது ஃபெயில் ஆகும் டெஸ்ட்களைத் துரத்துகிறீர்கள் என்றால் ரீடெயின்-ஆன்-ஃபெயிலியரைத் தவிர வேறு வழியில்லை.

இயல்பு அளவில் எழுத்து படிக்க முடியாது. வியூபோர்ட் (பக்கம் தெரியும் பரப்பு) 1280×720, வீடியோவோ 800×800 சதுரத்துக்குள் அடங்கும்படி சுருக்கப்படும், அதாவது 800×450. ஃபார்மில் வந்த சிவப்புப் பிழைச் செய்தி ஒரு சிவப்புக் கோடாகத்தான் தெரியும். வீடியோவை ஒற்றைச் சொல்லாகக் கொடுக்காமல், முறை ஒன்று, அளவு ஒன்று என்று ஆப்ஜெக்டாகக் கொடுத்து, அளவை வியூபோர்ட்டுக்குச் சமமாக 1280×720 என்று வையுங்கள். வியூபோர்ட்டை விடப் பெரிதாகக் கொடுப்பதில் பலனில்லை. படம் பெரிதாகாது, ஓரம்தான் கூடும்.

கோப்பு வெப்எம், கோடெக் விபி8, விநாடிக்கு 25 ஃப்ரேம், பிட்ரேட் இலக்கு விநாடிக்கு 1 மெகாபிட். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 7.5 எம்பி. 400 டெஸ்ட், ஒவ்வொன்றும் 40 விநாடி என்றால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள 2 ஜிபி. அசையாத பக்கங்கள் இதைவிடக் குறைவாகவே எடுக்கும், ஆனால் வட்டு ஒதுக்கும்போது இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். மேக்கில் குவிக்டைம் வெப்எம்-ஐத் திறக்காது. குரோம் ஜன்னலில் இழுத்துப் போட்டால் போதும்.

இங்கேயும் முடிப்பதில்தான் கவனம். வீடியோ முழுமையாவது கான்டெக்ஸ்ட் (பிரவுசருக்குள் தனியாகத் திறக்கும் செஷன்) மூடப்பட்ட பிறகு. டெஸ்ட் ரன்னர் தரும் பேஜைப் பயன்படுத்தினால் அதுவே மூடிக்கொள்ளும். பிளேரைட்டை லைப்ரரியாகப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் 'கான்டெக்ஸ்ட் குளோஸ்' முன்னால் 'அவெய்ட்' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் 0 பைட் கோப்பு. வீடியோவின் பாதையை முன்பே கேட்டு வாங்கலாம், ஆனால் மூடும் முன் அதைக் காப்பி செய்யாதீர்கள்.

'பிஃபோர் ஆல்' பகுதியில் தாங்களே கான்டெக்ஸ்ட் திறந்து எல்லா டெஸ்டுக்கும் பகிர்பவர்களுக்குக் கான்ஃபிக்கில் உள்ள வீடியோ செட்டிங் உதவாது. அப்படித் திறக்கும்போது பதிவு அடைவையும் அளவையும் அங்கேயே கொடுக்க வேண்டும். வீடியோ பேஜுக்கு ஒன்று என்பதையும் நினைவில் வையுங்கள். பேமென்ட் புதிய டேபில் திறந்தால் அதற்குத் தனிக் கோப்பு. முதல் கோப்பில் பக்கம் சும்மா நிற்பதைப் பார்த்து "ஹேங் ஆகிவிட்டது" என்று முடிவு கட்டாமல் பக்கத்தில் இன்னொரு கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

'டெஸ்ட்-ரிசல்ட்ஸ்' அடைவு ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் துடைக்கப்படும். ஃபெயில் ஆன வீடியோவைப் பார்க்கும் முன் "இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்போம்" என்று ஓட்டினால் போயே போச்சு.

பிளேரைட்டில் ட்ரேஸ் இருக்கும்போது வீடியோ எதற்கு என்று கேட்கலாம். பிழை தேடுபவருக்கு ட்ரேஸ்தான் பெரிய உதவி: ஒவ்வொரு செயலுக்கு முன்னும் பின்னும் பக்கத்தின் டாம் (உறுப்புக் கட்டமைப்பு) பிரதி, நெட்வொர்க் அழைப்புகள், கன்சோல், ஓடிய கோடு வரி எல்லாம் ஒரே ஜிப்பில். அதன் வியூவர் பிரவுசரிலேயே திறக்கும், கோப்பு வேறெங்கும் அனுப்பப்படுவதில்லை. ஆனால் கேன்வாஸில் வரையும் சார்ட்டுகள் டாம் பிரதியில் சரியாக வருவதில்லை. அனிமேஷன் நடுவே கிளிக் விழுந்ததா என்பதும் வீடியோவில்தான் கண்ணுக்குப் படும். ட்ரேஸ் திறக்கத் தெரியாத மேனேஜருக்கு அனுப்பவும் வீடியோதான். இரண்டையும் ஃபெயிலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சைப்ரஸ் என்ற இன்னொரு டெஸ்ட் கருவி பற்றிச் சுருக்கமாக: 2023-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து வீடியோ இயல்பாக அணைந்திருக்கிறது, கான்ஃபிக்கில் நீங்களே இயக்க வேண்டும். 'சைப்ரஸ் ரன்' மட்டும்தான் பதிவு செய்யும், 'ஓப்பன்' செய்யாது. டெஸ்டுக்கு ஒன்றல்ல, ஸ்பெக் கோப்புக்கு ஒரு வீடியோ. எனவே ஸ்பெக்கில் முப்பது டெஸ்ட் அடுக்கி வைக்காதீர்கள். பாஸ் ஆன ஸ்பெக்கின் வீடியோவை 'ஆஃப்டர் ஸ்பெக்' நிகழ்வில் நீங்களே அழிக்கலாம்.

சி.ஐ.-இலிருந்து வெளியே எடுப்பது

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஒரு ஸ்டெப் ஃபெயில் ஆனால் அடுத்தவை தவிர்க்கப்படும். வீடியோவை ஏற்றும் ஸ்டெப்பும் அதில் அடக்கம். எந்த நாளில் வீடியோ தேவையோ அந்த நாளில் மட்டும் அது வராது. ஏற்றும் ஸ்டெப்புக்கு 'ஆல்வேஸ்' நிபந்தனை போடுங்கள். டெஸ்ட் ஸ்டெப்புக்குத் தனி நேர வரம்பு வையுங்கள், ஜாப் வரம்பைவிடக் குறைவாக. டெஸ்ட் தொங்கினாலும் ஸ்டெப் மட்டும் ஃபெயில் ஆகி, ஏற்றுவதற்கு நேரம் மிஞ்சும்.

ஆர்டிஃபாக்ட் (ஓட்டத்திலிருந்து எடுத்து வைக்கும் கோப்பு) ஏற்றும் ஆக்‌ஷனின் 4-ஆம் பதிப்பில் ஒரே பெயரில் இரண்டு ஜாப் ஏற்ற முடியாது. டெஸ்டை நான்கு பங்காகப் பிரித்து ஓட்டுகிறீர்கள் என்றால் பெயரில் பங்கு எண்ணைச் சேருங்கள். இல்லாவிட்டால் முதலில் முடிந்தது ஏறும், மற்றவை பிழை கொடுக்கும். கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள் இருந்தாலும் மறுத்துவிடும். டெஸ்ட் தலைப்பை அப்படியே கோப்புப் பெயராக்குபவர்கள் முதலில் அவற்றைக் கோடாக மாற்றிவிட வேண்டும்.

டெஸ்ட் தலைப்பைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வரம்பு. லினக்ஸின் எக்ஸ்ட்4 வட்டில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். 'கு' என்ற ஓர் எழுத்தே இரண்டு குறியீடு, 6 பைட். ஐம்பது அறுபது எழுத்துக்குள் வரம்பு தீர்ந்துவிடும். தலைப்பை நம்பாமல், டெஸ்ட் எண், முயற்சி எண், பிரவுசர் பெயர், நேரம் என்று குட்டியாகப் பெயர் வைத்து, முழுத் தலைப்பை ரிப்போர்ட்டில் இணையுங்கள்.

தமிழ்ப் பக்கங்களைச் சோதிக்கிறீர்கள் என்றால் வீடியோவில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். மெலிந்த டெபியன் படிமங்களில் தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ கோர் அல்லது லோகித் தமிழ் எழுத்துருப் பொதியை டாக்கர் கோப்பில் நிறுவிவிடுங்கள். இது அழகுக்காக மட்டும் இல்லை. கட்டத்தின் அகலமும் நிஜ எழுத்தின் அகலமும் வேறு. நீளத் தமிழ்ச் சொல் பட்டனை விட்டு வழிகிறதா என்பது எழுத்துரு இல்லாமல் தெரியவே தெரியாது.

லாகையும் வீடியோவையும் சேர்த்துப் பார்க்க

மூன்று நிமிட வீடியோவில் "செக்-அவுட் அழுத்திய இடம்" எங்கே என்று தள்ளித் தள்ளிப் பார்ப்பது எரிச்சல். செலினியத்தில் இதற்கு ஒரு மலிவான வழி உண்டு. ரெக்கார்டர் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டெஸ்டின் ஒவ்வொரு படிக்கும் அந்த நேரத்திலிருந்து எத்தனை விநாடி என்று கழித்து, எஸ்ஆர்டி சப்டைட்டில் கோப்பாக எழுதுங்கள். வரிசை எண் ஒரு வரி, அடுத்த வரியில் 00:00:12,000 --> 00:00:14,500 என்று நேரம், அடுத்து படியின் பெயர், பிறகு ஒரு வெற்று வரி. அவ்வளவுதான் அந்த வடிவம். வீடியோவின் பெயரையே வைத்து அதே அடைவில் போட்டால் விஎல்சி தானாக எடுத்துக்கொள்ளும். படம் ஓட ஓடக் கீழே "லாகின் செய்கிறது", "கூப்பன் சேர்க்கிறது" என்று வரும். வேலை அரை மணி நேரம்கூட இல்லை. ரெக்கார்டிங்கில் செலவழித்த நேரத்துக்கு இதைவிட நல்ல பலன் தரும் வேறொன்றை நாங்கள் பார்த்ததில்லை.

பதிவே டெஸ்டைக் கெடுக்கும்போது

வீடியோ என்கோடிங் சிபியு-வைத் தின்னும். பிளேரைட் இயல்பாக சிபியு கோர்களில் பாதி எண்ணிக்கையில் வொர்க்கர் (டெஸ்டுகளை இணையாக ஓட்டும் புரொசஸ்) ஓட்டும். ஒவ்வொரு வொர்க்கருக்கும் ஓர் என்கோடர் சேர்ந்தால் சின்ன ரன்னர் திணறும். பதிவு இல்லாமல் பாஸ் ஆகி, பதிவோடு டைம்அவுட் ஆகும் டெஸ்ட்கள் இப்படித்தான் பிறக்கின்றன. முதலில் வொர்க்கர் எண்ணிக்கையை ஒன்று குறையுங்கள். திரையைப் பிடிக்கும் வழி என்றால் ஃப்ரேம் வீதத்தை 8 அல்லது 5-க்கு இறக்குங்கள். அளவைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். விநாடிக்கு 5 ஃப்ரேமில் படம் துள்ளும், ஆனாலும் பிழைச் செய்தியைப் படிக்கலாம்; சுருக்கிய வழுவழுப்பான படத்தில் அதைப் படிக்க முடியாது.

உள்ளே இருக்கும் ரகசியங்கள்

வீடியோவில் கடவுச்சொல் புள்ளிகளாகத்தான் தெரியும் என்று நிம்மதி அடைய வேண்டாம். ட்ரேஸில் 'ஃபில்' செயலுக்குக் கொடுத்த மதிப்பு அப்படியே எழுத்தாக இருக்கும். குக்கீ, ஆத்தரைசேஷன் ஹெடர், ஏபிஐ பதில்கள் எல்லாமும் இருக்கும். ஓபன் சோர்ஸ் திட்டம் என்றால் உங்கள் ஆர்டிஃபாக்டை வெளியாரும் இறக்கலாம். டெஸ்ட் கணக்குகளுக்கு உண்மையான உரிமைகள் எதுவும் தராதீர்கள், டோக்கன்களுக்குக் குறுகிய ஆயுள் வையுங்கள். ஸ்டேஜிங் சர்வரில் நிஜ வாடிக்கையாளர் தரவின் நகல் இருந்தால், பெயரும் ஃபோன் எண்ணும் முகவரியும் வீடியோவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வீடியோவும் தனிநபர் தரவுதான். கிட்ஹப் ஆர்டிஃபாக்டுகளை இயல்பாக 90 நாள் வைத்திருக்கும். ஃபெயில் ஆன டெஸ்டை யாரும் இரண்டாவது வாரத்தில் பார்ப்பதில்லை. 7 நாள் என்று வையுங்கள். சொந்த சர்வரில் இருந்தால், பழையதை அழிக்கும் கிரான் வேலையை வீடியோ அடைவை உருவாக்கும் அதே நாளில் எழுதிவிடுங்கள். வட்டு நிரம்பி பில்டே நிற்கும் காலை, அதை எழுத நல்ல நேரம் இல்லை.

ரெக்கார்டரையும் சோதிக்க வேண்டும். வேண்டுமென்றே ஃபெயில் ஆகும் ஒரு டெஸ்டை எழுதி, வாரம் ஒருமுறை தனி ஜாபில் ஓட்டுங்கள். முதலில் திரை முழுக்கப் பச்சை காட்டும் ஒரு பக்கம், 5 விநாடி கழித்துச் சிவப்புக்கு மாறும் பக்கம், பிறகு ஃபெயில். அடுத்த ஸ்டெப்பில் எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் எஃப்எஃப்புரோப் வைத்துக் கோப்பின் நீளத்தைக் கேளுங்கள்: நீளம் வராவிட்டால் அட்டவணை எழுதப்படவில்லை, 5 விநாடிக்குக் குறைவு என்றால் நடுவில் அறுந்திருக்கிறது, 300-ஐத் தாண்டினால் குவிட் விடுபட்டிருக்கிறது. கடைசி ஃப்ரேமை ஒரு படமாக எடுத்து நடுப் பிக்சலின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு இருந்தால், யாரோ கான்ஃபிக்கில் ஹெட்லெஸைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள்.